சேற்று நிலமும் சக்கரமும்



தோட்டத்து மண்சாலையில் மழைக்காலத்தில் வண்டி புதையும் காட்சியை அறியாதவர் நம்மில் எவரும் இலர். இன்று நம் இளைஞர்கள் சிலர் பழைய நாற்சக்கர இயக்க வண்டியொன்றை விலைக்கு வாங்குகின்றனர். வாங்கியதும் அவர்கள் செய்யும் முதல் வேலை, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துவது. அடுத்து, பெரிய டயர் போடுவது. உயரம் கூடினால் எந்தச் சேற்றையும் கடந்துவிடலாம் என்பது அவர்களது நம்பிக்கை. மாதக்கணக்கில் சேமித்த பணம் இதில் செலவாகிறது. அந்த வண்டியில்தான் தாயும் தங்கையும் பிள்ளைகளும் ஏறிக் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போகின்றனர். ஆகவே இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதலில் நாம் வாழும் நிலத்தைப் பார்ப்போம். சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்னும் இரண்டு ஆறுகள் கூடிப் பத்து பாகாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. கடலோரப் பகுதி தாழ்ந்த களிமண் நிலம். அதையடுத்துப் பல இடங்களில், இலைதழைகள் அழுகிப் பல நூற்றாண்டுகளாகப் படிந்து உண்டான, பஞ்சு போன்ற கரிமண் இருக்கிறது. பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்று இங்குள்ள ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். பாரிட் என்ற மலாய்ச் சொல்லுக்கு வெட்டிய கால்வாய் என்பது பொருள். நீரை வடித்த பிறகே இங்கே மனிதன் குடியேறவும் பயிரிடவும் முடிந்தது. உள்நாட்டில் யொங் பெங் பக்கம் போனால் மேட்டு நிலமும் செம்மண்ணும் காணலாம். ஒரே மாவட்டத்தில் இருவகை மண். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் வண்டிகளுக்குத் தந்த பெரும் பாடம் 1942ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிகழ்ந்தது. மூவார் பக்கத்திலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலியப் படையினரும், 45ஆவது இந்தியப் படைப்பிரிவினரும் பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் நோக்கி வந்தனர். சாலையின் இருபுறமும் சதுப்பு நிலம். பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் முன்னரே பிடித்துக்கொண்டனர். லோரிகள் முன்னேறவும் முடியாமல், சாலையை விட்டு இறங்கவும் முடியாமல் நின்றன. படைத்தலைவர் ஆண்டர்சன் வண்டிகளையும் பீரங்கிகளையும் அழிக்கச் சொல்லி, நடக்கக்கூடியவர்களைக் காட்டுவழியே யொங் பெங் நோக்கி அனுப்பினார். நடக்க இயலாத ஆஸ்திரேலிய, இந்தியக் காயக்காரர்களைப் பின்னே விட்டுச் செல்ல நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர். சில நாட்கள் கழித்துப் பத்து பாகாட் நகரைக் காத்து நின்ற பிரிட்டிஷ் படையினரும் கடலோரச் சாலை வழியே பின்வாங்கினர். செங்காராங் அருகே சாலை அடைபட்டுப்போக, அவர்களும் வண்டிகளை அழித்துவிட்டுச் சதுப்பு நிலத்தில் நடந்தனர். கடற்கரையை அடைந்த ஏராளமானோர் இரவு நேரங்களில் படகுகள் மூலம் மீட்கப்பட்டனர்.

எதிரியோ மிதிவண்டியில் வந்தான். பாலம் உடைந்திருந்தால் மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். வெயிலில் டயர் வெடித்தபோது, டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினான். இந்தப் போரில் வெற்றி தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் சக்கரத்தைப் பற்றிய ஓர் உண்மை இதில் தெளிவாகிறது. மென்மையான நிலத்தில் வலிமை மிக்க வண்டி வெல்வதில்லை. நிலம் தாங்கக்கூடிய வண்டியே வெல்கிறது.

இனி, சக்கரமும் ஸ்பிரிங்கும் வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1804ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒபதயா எலியட் என்பவர், இரும்புத் தகடுகளை அடுக்கி வளைத்துச் செய்த ஸ்பிரிங் பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டியின் குலுக்கல் அதனால் குறைந்தது. 1845இல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்; ஆனால் அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து பொருத்தினார். அதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. 1895இல் பிரான்சில் மிச்செலின் சகோதரர்கள் மோட்டார் வண்டியிலும் அதனைப் பொருத்தி நீண்ட பந்தயமொன்றில் ஓட்டிக் காட்டினர்.

டயர் பெருகவே ரப்பர் தேவையாயிற்று. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி கண்டறிந்து பரப்பினார். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், விடியுமுன் விளக்குடன் சென்று பால்மரம் வெட்டினர். உலகச் சாலைகளில் உருண்ட டயர்களில் அவர்களுடைய உழைப்பு இருந்தது. செயற்கை ரப்பர் வந்த பின்னும், பாரம் ஏற்றும் லோரி டயருக்கும் விமான டயருக்கும் இயற்கை ரப்பரே பெரிதும் வேண்டப்படுகிறது. வளைந்து நிமிரும்போது அதில் சூடு குறைவாக உண்டாவதே காரணம். ஆகவே டயரைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு அயலாரின் கல்வி அன்று.

சேற்றிலும் மணலிலும் டயர் எவ்வாறு வேலை செய்கிறது? இதற்கு விடை பாலைவனத்தில் கிடைத்தது. 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றிய ரால்ப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி, சாதாரண போர்டு கார்களில் மணற்குன்றுகளைக் கடந்தார். அவர் வண்டியை வானளாவ உயர்த்தவில்லை. டயரிலிருந்த காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகிறது; நிலத்தைத் தொடும் பரப்பு கூடுகிறது; அதே எடை அகலமாகப் பரவுவதால் வண்டி புதைவதில்லை. சேற்றில் பலகை போட்டு நடப்பவரை நினைத்துப் பாருங்கள், அதே தத்துவந்தான்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஜீப்பைப் படைத்தது. 1948இல் இங்கிலாந்தின் லேண்ட்ரோவர் வந்தது. அவசரகாலத்தின்போது மலாயாத் தோட்டங்களில் ஓடியவற்றுள் இத்தகைய வண்டிகளும் உண்டு. 1955இல் லண்டனிலிருந்து புறப்பட்ட ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர், இரண்டு லேண்ட்ரோவர்களில் இந்தியா, பர்மா, சயாம், மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அந்த வண்டிகளும் இன்று நாம் காணும் உயர்த்திய வண்டிகளைப் போன்றவை அல்ல. 1970இல் வந்த ரேஞ்ச்ரோவரில் பட்டைக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் பொருத்தினர். சக்கரம் மேலும் கீழும் தாராளமாக அசைந்து, பள்ளத்திலும் நிலத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஸ்பிரிங்கின் முதல் வேலை டயரை நிலத்தோடு வைத்திருப்பது. உயரம் அதற்குப் பிறகுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் அச்சின் நடுவிலுள்ள உருண்டையான பல்சக்கரப் பெட்டி. முழு அச்சு கொண்ட வண்டியில் ஸ்பிரிங்கை 2 அங்குலம் உயர்த்தினால், உடல்தான் 2 அங்குலம் உயர்கிறது. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அச்சை உயர்த்தவல்லது டயர் ஒன்றே. அதுவும் கூடும் விட்டத்தில் பாதியளவே உயர்த்தும். 235/75 ஆர் 15 என்ற டயரின் விட்டம் ஏறக்குறைய 734 மில்லிமீட்டர். அதை நீக்கி 31 அங்குல டயர் போட்டால் விட்டம் ஏறக்குறைய 787 ஆகிறது. அச்சு உயர்வதோ சுமார் 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

இந்த ஓர் அங்குலத்துக்கு நாம் தரும் விலை என்ன? வேகமானி 90 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கனத்த சக்கரத்தை நிறுத்தப் பிரேக் அதிகம் உழைக்க வேண்டும். உயர்த்தியதால் வண்டியின் எடைமையம் மேலேறுகிறது. 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த எடைமையம் 80 ஆகிவிட்டால், வளைவில் கவிழாமல் நிற்கும் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிரேக் குழாய் இழுபடலாம். சுழல்தண்டின் கோணம் மாறி மூட்டுகள் தேயலாம். சேற்றில் நாம் ஓட்டுவது சில நிமிடம். தார்ச்சாலையில் ஓட்டுவதோ ஆண்டு முழுவதும். குடும்பம் ஏறியிருக்கும்போது வளைவும் மழையும் வருவது தார்ச்சாலையில்தான்.

எனவே தேர்வு செய்யும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் மண், இரண்டாவது டயர், கடைசியில் உயரம்.

யொங் பெங் பக்கத்துச் செம்மண் மேட்டில், வழுக்கும் சேற்றுக்குக் கீழே கெட்டியான தரை உண்டு. அங்கே அளவான அகலமும் ஆழமான பற்களும் கொண்ட டயர், சேற்றைக் கிழித்துத் தரையைப் பற்றும். கடலோரக் கரிமண்ணில் அடித்தரை எட்டாது. அங்கே குறுகிய டயர் மேலும் மேலும் தோண்டிப் புதையும். அகலமான டயரும் குறைந்த காற்றும் இலேசான பாரமுமே உதவும். காற்றைக் குறைத்தவர் மெதுவாகவே ஓட்டவேண்டும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் அடைக்கவும் வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். கூடுமானவரை, வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி வைத்திருப்போர் முழுச் சேற்று டயரை நாடாமல், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரையே தேர்ந்தெடுப்பது நலம். ஏனெனில் பெரும் பற்கள் கொண்ட டயருக்கு ஈரமான தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு.

பழைய டயர் வாங்குவோர் பக்கச் சுவரைக் கவனிக்க வேண்டும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1223 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பற்கள் தேயாமல் இருந்தாலும் ஆண்டுகள் பல சென்ற டயரில் ரப்பர் கெட்டியாகி வெடிப்புக் காணும்.

புதிய டயர் உரசுகிறது என்றாலோ, பாரத்தால் பழைய ஸ்பிரிங் தாழ்ந்துவிட்டது என்றாலோ மட்டும் உயரத்தைப் பற்றி எண்ணுவோம். ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் தேவை. பட்டறையில் பணம் கட்டுமுன் இதனைக் கேட்டறிவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது; 2023 மார்ச்சில் பத்து பாகாட் மாவட்டம் மீண்டும் நீரில் மூழ்கியது. உயர்த்திய வண்டிதானே என்று ஓடும் வெள்ளத்தில் இறங்குவோர் உண்டு. வேகமாக ஓடும் இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும் வலிமையுடையது. பெரிய டயருக்குள் இருக்கும் காற்றும் வண்டி மிதக்கத் துணைசெய்யும்.

நேயர்களே, பாரிட் சூலோங் சாலையில் அன்று நின்றுபோன லோரிகளுக்குக் குறை உயரத்தில் இல்லை. அவற்றை இந்த நிலம் தாங்கவில்லை. நம் பெற்றோர் மரத்தைத் தொட்டுப் பார்த்துப் பட்டையின் தன்மை அறிந்து கத்தி வைத்தனர். ஆழமாக வெட்டினால் அதிகப் பால் வரும் என்று அவர்கள் எண்ணவில்லை. மரம் காயப்படும் என்பதை அறிந்திருந்தனர். அதே நிதானத்தோடு மண்ணை முதலில் அறிந்து, பிறகு வண்டியைத் திருத்துவோமாக.