மூன்று தரப்புகளும் நான்காவது ஆளும்

நம் அரசியல் சரித்திரம் பெரும்பாலும் பதவிகளின் ஜாபிதாவாகவே எழுதப்படுகிறது. ஆர். வெங்கட்ராமன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 1957 முதல் 1967 வரை சென்னை ராஜ்யத்தின் தொழில் மந்திரி, 1980இல் மத்திய நிதி மந்திரி, 1982இல் பாதுகாப்பு மந்திரி, 1987இல் ஜனாதிபதி. படிகளை எண்ணி முடித்ததும் வீட்டையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது முதல் படிக்கு முந்தைய இடம். 1942 போராட்டத்தில் சிறை சென்ற இந்த வக்கீல், வெளியே வந்ததும் தொழிலாளர் சட்டத்தின் பக்கம் திரும்பினார். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் சங்கங்களோடு தொடர்பு கொண்டார். 1949இல் ‘லேபர் லா ஜர்னல்’ பத்திரிகையைத் தொடங்கினார்.

1957இல் லோக்சபைக்கு மீண்டும் ஜெயித்தவர், அந்த இடத்தை விட்டுவிட்டுக் காமராஜ் மந்திரிசபையில் சேரக் கோட்டைக்கு வந்தார். அதே தேர்தலில், இலங்கையில் பிறந்த டிராட்ஸ்கியவாதியும் துறைமுகத் தொழிலாளர் தலைவருமான எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை வடசென்னையிலிருந்து டெல்லிக்குப் போனார். ஒருவர் அரசாங்கமானார், மற்றவர் எதிர்ப்பாகவே இருந்தார். தொழிலையும் தொழிலாளர் நலனையும் ஒரே மந்திரி கவனித்த காலம் அது.

வடசென்னையின் ஆலைகள் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதுவது பிசகு. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இலேயே தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு இந்திய அரசும், அமெரிக்க அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் 1965இல் ஒப்பந்தம் செய்தன. ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்சாரம் தந்தது. இரண்டும் பலிதமானபோது அவர் கோட்டையில் இல்லை.

ஆனால் அந்தப் பத்தாண்டின் சிந்தனை அவருடையதுதான். 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் உலகத்தில் தரப்புகள் மூன்று: முதலாளி, தொழிலாளி, சர்க்கார். இந்த மூவரும் உட்கார்ந்து பேசினால் நியாயம் கிடைத்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. சிறு நம்பிக்கை அல்ல; கூலிக்காரனை மனுஷனாக நிற்கவைத்தது அதுதான்.

எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுகிறவன் இதில் எந்தத் தரப்பு? அவன் யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஆகவே அவனுக்குத் தகராறும் இல்லை. பிற்காலத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் நீரில் படிந்தபோது அவன் போய் நிற்க அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. வெங்கட்ராமன் மட்டுமல்ல, அந்தோணிப் பிள்ளையின் சங்க அரசியலும் கூலியை வைத்தே மனிதனை எண்ணியது. பகைவர்கள் இருவரும் ஒரே வாய்ப்பாட்டைத்தான் படித்திருந்தார்கள்.

பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வெங்கட்ராமன் 2009இலேயே காலமானார். அவர் சாதனையை நான் மறுக்கவில்லை. அதை எழுதுகிறவர்கள் அந்த நான்காவது ஆளையும் எண்ணியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.