தோலின் விலை

எந்தப் பெரிய கண்டுபிடிப்பையும் 'மனித குலத்துக்குக் கிடைத்த வரம்' என்று எழுதிவிடுவது அறிவியல் வரலாற்றின் பழைய வழக்கம். எந்த மனிதர், எந்தக் குலம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஆய்வகத்தில் வளர்த்த தோலின் வரலாற்றை இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹோவர்ட் க்ரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரெய்ன்வால்டும் தோலைத் தேடிப் போகவில்லை. எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுத்த செல்களைத்தான் வளர்த்துப் பார்த்தார்கள். தட்டில் மேல்தோல் செல்கள் திட்டுத்திட்டாகப் பெருகின. கூடவே போட்டிருந்த எலி நார்ச்செல்கள், தாம் பெருகாதபடி கதிர்வீச்சால் முடக்கப்பட்டவை, தாதி மாதிரி அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. அதையே மனிதத் தோல் செல்லுக்கும் செய்து பார்த்தார்கள்; பலித்தது. 1975இல் கட்டுரையாக வந்தது.

1983இல் வயோமிங் மாநிலத்தில் 5, 6 வயதுச் சகோதரர்கள் இரண்டு பேர், உடம்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெந்துபோய், பாஸ்டனிலுள்ள ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனைக்கு வந்தார்கள். வேகாத இடத்திலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி வெந்த இடத்தில் ஒட்டுவது வழக்கமான முறை. இவர்களிடம் சீவ இடமே இல்லை. அக்குளில் மிஞ்சியிருந்த சின்னத் துண்டை க்ரீனின் ஆய்வகம் வளர்த்துத் தாள்தாளாகக் கொடுத்தது. ஏறக்குறையப் பாதி உடம்பு அப்படித்தான் மூடப்பட்டது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அது அப்போது குழந்தைகளிடம் காசு வாங்காத அறநிலைய மருத்துவமனை. ஆக, இந்தத் தோலின் முதல் பெரிய வெற்றி சந்தைக்கு வெளியேதான் நடந்தது.

அப்புறம் கம்பெனி வந்தது. 1988 முதல் எபிசெல் என்ற பெயரில் விற்பனை. 'கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்' என்று சொல்லி முடித்துவிட நமக்கு ஆசைதான். அது பாதி உண்மை. மீதி, தயாரிப்பு முறைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய செல்லையே வளர்க்க வேண்டும். அதாவது ஒரு ஆளுக்கு ஒரு தொழிற்சாலை. சுத்த அறை, கன்றுக்குட்டி சீரம், பயிற்சி பெற்ற கைகள், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நோயாளி சீழ் பிடிக்காமல் உயிரோடு கிடக்க வேண்டும். அதற்கு ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு. இந்த ஆய்வகம் கற்பனை செய்துகொண்ட புண், இவ்வளவும் ஏற்கனவே சுற்றி இருக்கிற ஒரு கட்டிலின்மேல் கிடக்கும் புண். மலிவு என்பதைக் கண்டுபிடிப்பு முடிந்தபிறகு வந்து ஒட்ட முடியாமல் போனது இதனால்தான்.

இதே பாஸ்டன் வட்டாரத்தில் இன்னொரு பாதையும் இருந்தது. ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் ஐயானிஸ் யானஸ் என்ற பொறியாளரும் மாட்டின் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சேர்த்து ஒரு சல்லடைப் படலம் செய்தார்கள். மேலே சிலிகான். நோயாளியின் செல்களே அந்தச் சாரத்தில் ஏறி உள்தோலைக் கட்டிக்கொள்ளும். 10 நோயாளிகளிடம் செய்து பார்த்து 1981இல் எழுதினார்கள். அமெரிக்க அரசின் அனுமதி 1996இல் கிடைத்தது. யாருக்காகவும் காத்திராமல் அலமாரியில் இருக்கும் தோல் இது. ஆனாலும் விலை இறங்கவில்லை.

மாடு என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். தமிழில் செருப்புக்கும் தோல்தான், உடம்புக்கும் தோல்தான். 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பதனிடும் தொழிலுக்காக வந்தது. பிறகு அங்கேயே மாட்டுக் கொலாஜனிலிருந்து தீக்காயத்துக்கான படலம் செய்தார்கள். செத்த மாட்டைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்று சொன்ன சமூகம், வெந்த தன் உடம்பின்மேல் அதே மாட்டைப் போர்த்திக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் கொலாஜன், அதனால் தீட்டில்லை.

பம்பாயில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையின் கேஸ்வானி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் ஒட்டிப் புண்ணுக்குப் போட்டு, 1985இல் அதைப் பற்றி எழுதினார். சயான் மருத்துவமனையில் மாதுரி கோரே வாழையிலையைச் சோதித்து 2003இல் எழுதினார். இரண்டும் ஒட்டாமல், வலிக்காமல் கழன்று வருகிறவை, கிட்டத்தட்டக் காசே ஆகாதவை. நம் பத்திரிகைத் தோழர்கள் உடனே 'மாற்று அறிவு' என்று கொண்டாடக் கிளம்பிவிடக்கூடாது. மேலோட்டமான காயத்துக்குத்தான் இலை. உள்தோல்வரை வெந்தால் இலை காப்பாற்றாது, தோல்தான் வேண்டும். ஏழைக்கு இலை போதும் என்று இதையே திருப்பிச் சொல்லவும் ஆள் இருக்கிறது.

நம்மூரில் வெந்துபோவது யார்? 2001இல் மட்டும் இந்தியாவில் தீயினால் 1,63,000க்கு மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்றும் அதில் 1,06,000 பேர் பெண்கள் என்றும் 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்பது வாக்கியம். தீக்காய வார்டில் தோலுக்கு முன்னால் மரண வாக்குமூலம் எழுத மாஜிஸ்திரேட் வந்துவிடுகிறார். புருஷனும் மாமியாரும் வாசலில் நிற்க, அந்தப் பெண் என்ன சொல்வாள்? அவள் பிழைப்பதற்கு யார் செலவழிப்பார்கள்? தோலின் விலையைப் பேசும்போது இந்த வாசலையும் பேச வேண்டும்.

இனி, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விஷயம். வளர்த்த மேல்தோல் தனியாக நிற்பதில்லை; கொப்புளித்து உரிந்துபோகும். அடியில் உள்தோல் வேண்டும். 1986இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கூனோ, இறந்தவரின் தோலை முதலில் ஒட்டி, அதன் மேலடுக்கைச் சீவிவிட்டு, மிஞ்சிய உள்தோலின்மேல் வளர்த்த தோலைப் பரப்பினார். விலையுயர்ந்த தோல் வேர்பிடிக்க ஒரு பிணத்தின் தோல் மண்ணாக வேண்டியிருந்தது. தோல் வங்கி இல்லாத ஊரில் ஆய்வகத் தோலை மலிவாக்குகிறேன் என்பது வாய்ச்சொல்தான். அந்த ஆய்வகத் தோல் வராவிட்டாலும், இறந்தவர் தோல் சில வாரம் புண்ணை மூடி ஆளைத் தாக்காட்டும்.

இந்தியாவின் முதல் தோல் வங்கி 2000இல் அதே சயான் மாநகராட்சி மருத்துவமனையில் தொடங்கியது. கிளிசரினில் ஊறவைத்து, சாதாரணக் குளிர்ப்பெட்டிச் சூட்டில் வருஷக்கணக்கில் வைக்கலாம். ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. கண்தானம் என்றால் கையெழுத்துப் போடுகிற நம் ஜனம் தோல் என்றால் பின்வாங்குகிறது. 'தோலை உரிச்சிருவேன்' என்பது நமக்கு வசவு, பண்ணையார் காலத்துத் தண்டனை. உண்மையில் எடுப்பது தொடையிலும் முதுகிலும் காகித மொத்தத்துக்கு ஒரு சீவல். ரத்தம் வழியாது, முகம் மாறாது, கட்டுப்போட்டு உடம்பைத் திருப்பித் தந்துவிடுவார்கள். சாவு விழுந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். பறை வந்து சேர்ந்து, வெளியூர்ச் சொந்தத்துக்குத் தகவல் போய்க்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், சாவு வீட்டில் யாராவது ஒருத்தர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.