கால் தமனி அறுவைக்குப் பின் தோன்றும் புடைப்பு

தமனியின் சுவர் நலிந்து, குழாயின் விட்டம் இயல்பைப் போல ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேல் விரிவதே தமனிப் புடைப்பு. மருத்துவர்கள் அனியூரிசம் என்பார்கள். கால் தமனியில் அறுவை செய்துகொண்டவருக்கு இது பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். தைத்த இடத்தில் வரலாம், மாற்றுக் குழாயில் வரலாம், கத்தியே படாத வேறொரு தமனியிலும் வரலாம்.

1785 டிசம்பரில் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹன்டர், முழங்காலின் பின்புறம் புடைப்பு கண்ட 45 வயது வண்டியோட்டி ஒருவரின் தொடைத் தமனியைக் கட்டினார். கால் பிழைத்தது. சுமார் 15 மாதம் கழித்து அவர் காய்ச்சலில் இறந்தபோது, கட்டுப்போட்ட தமனி என்னவாயிற்று என்று அறிய ஹன்டர் அந்தக் காலைப் பெற்று அறுத்துப் பார்த்தார். அறுவைக்குப் பிந்தைய நிலையைத் தேடிப்போய்ப் பார்க்கும் அந்த அக்கறை இன்றைய சிகிச்சைக்கும் வேண்டும். 1948இல் பாரிஸில் ழான் குன்லான் நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டு தொடையிலிருந்து கீழே மாற்றுப்பாதை அமைத்தார். கால் பைபாஸ் அங்கிருந்து வளர்ந்தது.

பின்னாளில் வரும் புடைப்புகளில் அதிகம் பேசப்படுவது தையல் இடத்துப் பொய்ப் புடைப்பு. தமனியும் மாற்றுக் குழாயும் சேரும் தையல் நெகிழ, கசியும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு பையாக மூடிக்கொள்ளும். டாக்ரான் போன்ற செயற்கைக் குழாய் பொருத்திய தொடை இடுக்கில்தான் இது பெரும்பாலும் தெரியும். பட்டு நூலால் தைத்த தொடக்கக் காலத்தில் மிகுதியாக இருந்தது. பாலிபுரொப்பிலீன் நூல் வந்த பின் குறைந்தது. கிருமித்தொற்று இருந்தால் ஆபத்து பன்மடங்கு. சிரைக் குழாய் தானே விரிவது அரிது.

முழங்கால் புடைப்புக்கே அறுவை செய்தவர்களின் நிலை வேறு. பழைய பையை மேலும் கீழும் கட்டிவிட்டு மாற்றுப்பாதை போட்டாலும், மூட்டைச் சுற்றியுள்ள சிறு கிளைகள் வழியே அதற்குள் ரத்தம் புகுந்து பை வளர்வதுண்டு. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுகாலிலும் புடைப்பு இருக்கும். மூன்றில் ஒரு பங்கினருக்கேனும் வயிற்றுப் பெருந்தமனியிலும் இருக்கும். ஒரு காலின் நோயாக இதைப் பார்ப்பது பெரும் தவறு. புகையும் உயர் ரத்த அழுத்தமும் உடல் முழுவதும் உள்ள தமனிச் சுவரைத்தான் அரிக்கின்றன. பீடியை விட்டேதீர வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

முழங்கால் புடைப்பு வெடிப்பதைவிட, உள்ளே ரத்தம் உறைந்து பாதத்துக்கான ஓட்டத்தை அடைப்பதே அதிகம். பொதுவாக 2 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை பற்றிப் பேசுவார்கள். வயிற்றுத் தமனியில் அந்த அளவு ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், அங்கே அஞ்ச வேண்டியது வெடிப்பைத்தான். தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி, திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போகும் பாதம், மயக்கத்தோடு வரும் கடும் வயிற்றுவலி அல்லது முதுகுவலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை சேர வேண்டும். ரத்தம் நின்ற காலுக்குச் சில மணி நேரமே அவகாசம்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட, சமண மடத்தால் அறியப்படும் மேல்சித்தாமூர் போன்ற ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்றுதான் பயணம். புண் ஆறி, நடக்கவும் முடிகிறபோது அத்தனை தூரம் மறுபடி போக மனம் வராது. ஆனால் கண்காணிப்புக்கு வேண்டியது உடலைத் துளைக்காத டாப்ளர் ஸ்கேன்தான். முதல் ஆண்டில் சில முறை, பிறகு ஆண்டுதோறும், இரு காலுக்கும் சேர்த்து எடுப்பது வழக்கம். முழங்கால் புடைப்பு இருந்தவர்களுக்கு வயிற்றுத் தமனியையும் பார்ப்பார்கள். எந்தக் காலில், எந்த இடத்திலிருந்து எதுவரை, சிரையா டாக்ரானா என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்ல வேண்டும். பத்து ஆண்டு கழித்துப் புதிதாகப் பார்க்கும் மருத்துவர், எங்கே தையல் உள்ளது என்பதை அந்தத் தாளிலிருந்துதான் முதலில் அறிவார்.