இருட்டுக்கு எல்லை வரைந்த கதை

2024 மே 10 இரவு. லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய ஹான்லே கிராமத்தின் வடக்கு அடிவானம் சிவந்தது. கண்ணுக்கு அது மங்கல்தான். மலையுச்சி வானாய்வகத்தின் கேமராவோ நல்ல குங்குமச் சிவப்பாகவே பதிந்துகொண்டது. சில நாட்களாகச் சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் சீறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பிய மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கின. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரிய காந்தப்புயல் வந்ததில்லை.

துருவ ஒளி என்றால் நார்வே, ஐஸ்லாந்து, அலாஸ்கா என்றுதான் நமக்கு நினைவு வரும். அங்கே அது பச்சைத் திரையாகத் தலைக்கு மேலே அசையும். ஹான்லே ஏறத்தாழ 33 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, துருவத்துக்கு வெகு தெற்கே. அவ்வளவு தூரத்தில் நிற்பவருக்கு ஒளியின் கீழ்ப்பகுதியைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். 200 கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் சிவப்பு மட்டுமே எட்டிப் பார்க்கும். ஆனால் ஹான்லேயில் தெரிந்தது முழுமையான துருவ ஒளி அல்ல, பூமியைச் சூழ்ந்த மின்துகள் வளையத்தின் வெப்பம் கசிந்து உண்டாகும் நிலையான சிவப்பு வளைவு என்று விஞ்ஞானிகள் பிரித்துச் சொன்னார்கள். சூரியன் மூட்டிய நெருப்புதான் அதுவும்.

அந்தப் படத்தை எடுத்த வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்த நிறுவனம் அந்நியமல்ல. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வரும் காவலூர் வானாய்வகமும் அதனுடையதுதான். ஹான்லேயின் கதையைக் காவலூரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் கொடைக்கானல் இருக்கிறது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போனது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899இல் கொடைக்கானலில் வானாய்வகம் அமைந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். பசியிலிருந்து பிறந்த அறிவியல் அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள்.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்ற வானியலாளர் வைணு பாப்புவுக்குப் பகல் வானம் மட்டும் போதவில்லை. இரவு வானத்துக்காக இடம் தேடினார். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் ஒரு காட்டுப்பகுதி அமைந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1960களின் இறுதியில் கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றைப் பதிந்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி கண் திறப்பதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஆனால் காவலூர் வானத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மேகம் இரவுகளைத் தின்றுவிடும். காற்றின் ஈரம் அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். வறண்ட, உயர்ந்த, மேகமில்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. 1990களில் ராமநாத் கௌசிக் வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தபோது இமயமலைப் பக்கம் தேடினார்கள். ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று அகப்பட்டது. 2000 செப்டம்பரில் அங்கே இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி முதல் ஒளியைக் கண்டது. குளிர்காலத்தில் மைனஸ் 25க்கும் கீழே போகும் இடம். பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக அந்தத் தொலைநோக்கியை இயக்குகிறார்கள்.

தொலைநோக்கி வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆபத்து வேறு வடிவில் வந்தது. 19,000 அடிக்கும் மேலே உம்லிங் லா கணவாய்க்குச் சாலை போட்டதும் மோட்டார் சைக்கிள் பயணிகள் ஹான்லே வழியாகப் போக ஆரம்பித்தார்கள். மனைகள் எழும்பும், விளக்குகள் எரியும். ஒரு வானாய்வகத்தை மூடுவதற்கு அதுவே போதும்.

ஊரை அடைத்து வைக்காமல், ஊரையே காவலாக்கியதுதான் இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம். லடாக் நிர்வாகமும் லே மலை மேம்பாட்டு மன்றமும் வானியற்பியல் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2022 டிசம்பரில் வானாய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஜன்னல்களுக்குத் திரை, விளக்குகளுக்கு மூடி, இரவில் ஹெட்லைட்டுக்குக் கட்டுப்பாடு. இவ்வளவையும் கேட்டால் ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கும்? சிற்றூர்களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து வானியல் தூதர்களாகப் பயிற்சி கொடுத்து, கையில் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. வீட்டில் தங்க வரும் விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, முற்றத்தில் சனிக்கோளையும் காட்டுகிறார்கள். இருட்டு அவர்களுக்கு வருமானமானது. தன் சோற்றை எவரும் விளக்குப் போட்டுக் கெடுத்துக்கொள்வதில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். லேயில் இரண்டு நாளாவது தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்காமல் மேலே ஏறக்கூடாது. பருவமழை மேகம் இமயத்தைத் தாண்டி அதிகம் வருவதில்லை என்பதால், நமக்கு மழை கொட்டும் மாதங்களிலும் அங்கே பால்வீதி தெளிவாகத் தெரியும். சிவந்த வானத்தை எதிர்பார்த்து மட்டும் போகவேண்டாம். அது சூரியனின் விருப்பம். 2023 ஏப்ரலிலும் நவம்பரிலும் கூடத் தெரிந்தது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தை நெருங்கிய காலம் அது. உச்சம் தணியத் தணிய வாய்ப்பும் குறையும்.

பயணச் செலவு முடியாதவர்களுக்குக் காவலூர் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். ஆனால் அங்கும் இதே விளக்கு ஆபத்துதான். வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழில் வளர்ந்து, பாலாற்றங்கரை ஊர்கள் பெருத்து, தேசிய நெடுஞ்சாலை நெடுக விளக்குகள் நிற்கின்றன. அந்த வெளிச்சம் மலைவரை எட்டுகிறது. தொழில் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது, விளக்கும் வேண்டும். ஆனால் ஒளி கீழே விழும்படி மேல்மூடி போட்ட தெருவிளக்கு சாலைக்கு வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வானத்துக்குத்தான் குறைக்கிறது. ஆலங்காயம் பேரூராட்சியும் வாணியம்பாடி நகராட்சியும் அடுத்த முறை எல்இடி விளக்கு மாற்ற டெண்டர் விடும்போது இந்த ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்க்கலாம்.