மட்டாஞ்சேரி யூதத் தெரு: ஒரு வரலாற்று உலா

ஐரோப்பாவிற்குச் செல்வோர் வெனிசு, பிராகு முதலிய நகரங்களில் யூதர் வாழ்ந்த தெருக்களை நடந்தே சுற்றிப் பார்ப்பதை ஒரு வரலாற்றுக் கல்வியாகக் கொள்கின்றனர். அத்தகைய தெரு ஒன்று விருதுநகரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் அடையும் தொலைவிலேயே இருக்கின்றது. கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள யூதத் தெருவே அது. முசிறித் துறையையும் யவனர் மரக்கலத்தையும் மிளகு மூட்டைகளையும் சங்கப் பாடல்களின் வழியே பயிற்றுவித்து வரும் எனக்கு, அத்தெருவில் நடப்பது பாடத்தின் தொடர்ச்சியாகவே தோன்றியது. நடந்து முடித்தபோதோ அது நம் ஊர்களின் கதையாகவும் தோன்றியது.

அரண்மனைக்கு அடுத்த மனை

உலாவை மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து தொடங்குதல் நலம். அரண்மனையை ஒட்டி அரச குடும்பத்தாரின் பகவதி கோயில். அதனை அடுத்தே பரதேசி யூதரின் தொழுகைக்கூடம். 1492இல் ஸ்பெயின் நாடு யூதரை வெளியேற்றியது. பல நாடுகளில் அலைந்து கொச்சி வந்து சேர்ந்தவர்களும் அவர்தம் வழியினரும் 'பரதேசிகள்' எனப்பட்டனர். கொச்சி அரசர் அளித்த நிலத்தில் 1568இல் இக்கூடம் எழுந்தது. அதற்கு 52 ஆண்டுகளுக்கு முன், 1516இல், வெனிசு நகரம் தன் யூதரை ஒரே குடியிருப்பில் ஒதுக்கி, இரவுதோறும் அதன் வாயில்களைப் பூட்டியது. இங்கோ, அரசன் தன் மதிலுக்கு அருகிலேயே மனை கொடுத்தான். 1662இல் போர்த்துக்கீசியர் இக்கூடத்தைச் சிதைத்தபோது, 1664இல் டச்சுக்காரர் காலத்தில் அது மீண்டும் எழுந்தது.

வாயிலருகே 1760இல் வணிகர் எசக்கியேல் ரகாபி அமைத்த மணிக்கூண்டு நிற்கின்றது. அதன் முகங்களில் எபிரேய எண்களும் உரோமானிய எண்களும் மலையாள எண்களும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே செல்லக் காலணிகளைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குச் செல்வது போன்றே வெறுங்காலுடன், சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதித்த தரையில் நடக்கின்றோம். மண்ணின் வழக்கம் வந்தேறியவரின் வழிபாட்டிலும் கலந்துவிட்டது.

செப்பேட்டின் குரல்

தமிழறிந்தார்க்கு இங்குள்ள பெருஞ்செல்வம் செப்பேடுகளே. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு இரப்பானுக்கு வழங்கிய பட்டயம் அது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழிலிருந்து பெரிதும் விலகாத பழைய மலையாளம். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, முரசு உள்ளிட்ட 72 உரிமைகளுடன் 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் தலைமையும் அவனுக்குக் கிடைத்தது. அஞ்சுவண்ணம் என்ற பெயர் தமிழகத்துக் கல்வெட்டுகளிலும் உண்டு. இராமநாதபுரம் பகுதித் தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டு 13ஆம் நூற்றாண்டில் இக்குழுவைச் சுட்டுகின்றது. எனவே, இது நம் கடற்கரைக்கும் உரிய வரலாறே எனலாம்.

சேந்தமங்கலத்துத் தொழுகைக்கூட முற்றத்தில் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கின்றது; அதில் உள்ள பெயர் சாராள் என்பது. பரதேசிகள் வந்து சேர்வதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே மலபார் யூதர் இங்கு வேரூன்றி இருந்தமைக்கு அக்கல் சான்று.

புறக்கூடத்தில் அமர்ந்தவர்கள்

இனிக் கூறப்போவது இன்பம் தருவதன்று. துரத்தப்பட்டு வந்து அடைக்கலம் பெற்றவர்கள், தம் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே ஒரு கோடு கிழித்தனர். தம்மை வெள்ளை யூதர் என்றும், தமக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதரைக் கறுப்பு யூதர் என்றும் வேறுபடுத்தினர். தம் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழியினரைப் புறக்கூடத்தின் தரையில் அமர்த்தினர். திருமணத் தொடர்பும் மறுக்கப்பட்டது.

அவ்வழியில் தோன்றியவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967). கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அவை ஏற்ற அம்மனிதருக்கு, ஆண்டவன் முன்னிலையில் இருக்கை இல்லை! காந்தியடிகளின் அறப்போரைத் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே நடத்தினார் அவர். 'யூத காந்தி' என்னும் பெயர் அதனால் வந்ததே. தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1950இல் அவருடைய மகன் வெள்ளை யூதப் பெண் ஒருவரை மணந்தார்.

ஆயினும் அதற்குள் காலம் மாறிவிட்டது. 1948இல் இசுரேல் நாடு உருவானபின், 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். 1968இல் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொள்ள, கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா நடைபெற்றது. யூத மரபுப்படி கூட்டு வழிபாட்டிற்கு ஆடவர் பதின்மர் வேண்டும். இருக்கைகள் எல்லார்க்கும் பொதுவானபின், அவற்றில் அமரப் பதின்மர் இல்லாமற்போயினர். அதே தெருவில் இருந்த கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019இல் இடிந்து விழுந்தது.

நம் வாயில்கள்

திரும்பும் வழியில், நறுமணப் பொருள் விற்கும் கடையொன்றின் சுவரில் சிவகாசியில் அச்சான நாள்காட்டி தொங்கக் கண்டேன். சிவகாசி என்ற பெயர் 1899ஐ நினைவூட்டியது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகையில் வீடுகள் எரிந்த ஆண்டு அது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தமைக்காக நாடார் சமூகத்தார் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வாயில் மறுக்கப்பட்ட அம்மக்கள் மகமை திரட்டிப் பள்ளி கண்டனர். 1885இல் விருதுபட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அதன் சான்று.

1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களுள் கக்கன் முதலிய ஆதிதிராவிடத் தோழர்களோடு விருதுநகர்ச் சண்முக நாடாரும் இருந்தார். வாயிலில் நிறுத்தப்பட்ட சமூகத்தைச் சார்ந்தவர், தமக்கும் பின்னே நிறுத்தப்பட்டவரோடு சேர்ந்து நுழைந்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. மட்டாஞ்சேரியில் தவறியது இதுவே.

இவ்வட்டத்தின் பத்தாண்டு நிறைவில், அந்தப் புறக்கூடத்தை நம் அவையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகின்றது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலாளர் பலர் நம் கவியரங்குகளில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுள்ளனர். அவர்களைப் பற்றி நாம் கவிதைகளும் படித்துள்ளோம். அவர்களுள் மேடையேறித் தம் கவிதையைத் தாமே படித்தவர் எத்தனை பேர்? இருக்கைகள் நிறைந்திருக்கும்போதே கேட்க வேண்டிய வினா இது.