காக்கப்படாத ஒரு பெயர்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் செக்கிங் என்று ஒரு பிரிவு இருக்கும். தையல் விட்டுப்போனது, ஓட்டை விழுந்தது, கறை பட்டது என்று குறையுள்ள பீஸ்களை அங்கே தனியாக எடுத்து வைப்பார்கள். எடுத்து வைத்தவர் மீது முதலாளி கோபப்படுவதில்லை. அந்தக் குறை கப்பலேறிப் போய் வெளிநாட்டு பையர் கண்ணில் பட்டால்தான் பெரிய நஷ்டம். அரசாங்கத்தில் குறையைக் காட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், கணக்கு தலைகீழாக இருக்கிறது.

இதன் வேர் ரொம்பப் பழையது. 1923-ல் வெள்ளைக்கார ஆட்சி அரசாங்க ரகசியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எது ரகசியம் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் அது போகவில்லை. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பூட்டைத் திறக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான். ஆண்டு 1997. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். பிறகு 2005-ல் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 1923-ம் வருடச் சட்டத்தோடு முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்று அதன் 22-வது பிரிவு சொல்கிறது. நொய்யல் தண்ணீரைச் சோதித்த அறிக்கையைக் கூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

ஆனால் ஃபைலில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். ஃபைலில் ஏறாததை உள்ளே இருப்பவர் சொன்னால்தான் உண்டு. சொன்னவர்கள் கதை என்ன?

சத்யேந்திர துபே ஐஐடியில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். கடிதமோ பெயரோடு சேர்ந்தே மேசைக்கு மேசை போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலைக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அவர் கேட்ட ஒரே பாதுகாப்பை அரசாங்கம் கொடுக்கவில்லை என்பது உண்மை.

தமிழ்நாட்டுக் கதை வேறு மாதிரி. 2012 மே மாதம், மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மேலிடத்துக்கு எழுதினார். சில நாட்களில் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்டில் பத்திரிகைகளில் கசிந்த பிறகுதான் அந்த அறிக்கை மக்களுக்குத் தெரிந்தது. ஊர்ப் பணம் போன கணக்கு, ஊருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது!

துபேயின் மரணத்துக்குப் பிறகு எழுந்த கோரிக்கையால் தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2014 மே மாதம் ஜனாதிபதி கையெழுத்திட்டார். ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு இன்றுவரை வரவில்லை. அந்தச் சட்டத்தின்படி பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கவும் முடியாது. பெயரைச் சொல் என்கிற சட்டம், அந்தப் பெயரைக் காக்கும் வேலையை இன்னும் தொடங்கவே இல்லை.

நாட்டுக்கு ரகசியமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படைகள் எங்கே நகர்கின்றன என்பதை ஊருக்கெல்லாம் சொல்ல முடியாதுதான். ஆனால் ரோடு போட்ட கணக்கும் கல் வெட்டிய கணக்கும் ராணுவ ரகசியம் இல்லை. இவ்வளவு ரகசியம் காக்கிற அரசாங்கம், காக்க வேண்டிய ஒரே ரகசியத்தை, அதாவது உண்மையைச் சொன்னவரின் பெயரை, காக்கவில்லை. மக்களாட்சியில் எதை மறைக்க வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்க இந்த இரண்டு கடிதங்களே போதும்.