மண்குவளையும் தோல்பந்தும்: பல்வங்கர் பாலுவை எப்படி நினைவில் வைப்பது?



நம் தருமபுரி மாவட்டத்தில் இரட்டைக் குவளை என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் குவளையின் கதை ஒரு கிரிக்கெட் மைதானத்திலும் நடந்தது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி.

பல்வங்கர் பாலு 1870களின் நடுவில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சாதி. தந்தைக்கு ராணுவத்தில் வேலை; அதனால் பிள்ளைகள் பூனாவில் வளர்ந்தார்கள். விக்டோரியா ராணியின் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பட்டாளம்தான் கல்விக்கும் கூலிக்கும் ஒரு சிறு வாசல். வெள்ளை அதிகாரிகள் விட்டுப்போன மட்டையையும் பந்தையும் வைத்துப் பாலுவும் தம்பி சிவராமும் விளையாடக் கற்றார்கள்.

பாலுவின் முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். மைதானம் பெருக்கி, ஆடுகளத்தை உருட்டிச் சமன்செய்யும் வேலைக்கு மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது போக, துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசுவதும் அவர் தலையில் விழுந்தது. கிரெய்க் என்ற அதிகாரி தினமும் முன்கூட்டியே வந்து, பாலுவை மணிக்கணக்கில் வீசச் சொல்லித் தன் மட்டைவீச்சைத் தேற்றிக்கொண்டார். தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கினாலும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் பாலுவின் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை கனவானுக்கு, பந்து கூலிக்காரனுக்கு.

சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கூலி வாங்காமல் ஆடுபவரை 'அமெச்சூர்' என்று அந்தக் காலம் கொண்டாடியது. கூலி வாங்காமல் ஆட யாரால் முடியும்? சொத்தும் ஓய்வும் உள்ளவரால் முடியும். இங்கிலாந்தில் இது வர்க்கப் பிரிவினை. இந்தியாவுக்கு வந்ததும் அதன்மேல் சாதியும் ஏறிக்கொண்டது. பாலு பின்னாளில் ரயில்வேயில் வேலை பார்த்தபடி ஆடினார். உழைத்துச் சாப்பிட்டு, மிச்ச நேரத்தில் ஆடியவர் அவர்.

இடதுகைச் சுழற்பந்து வீச்சில் தேர்ந்த பாலுவை விட்டுவிட்டு ஐரோப்பியரை ஜெயிக்க முடியாது என்பது பூனாவின் இந்து அணிக்குப் புரிந்தது. அணிக்குள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. மைதானத்தில் அவர் வீசும் பந்தை எல்லோரும் தொடலாம். இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் டீ குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில். சாப்பாடும் தனி இடத்தில், தனித் தட்டில்.

கிரிக்கெட் பந்து எதனால் ஆனது? தோலால். அந்தத் தோலைப் பதப்படுத்திய கைகள் எந்தச் சாதியின் கைகள்? பந்தைத் தொட்டால் தீட்டில்லை, அதை வீசியவனின் குவளையைத் தொட்டால் தீட்டு. தேவைப்படும் இடத்தில் தளர்ந்து, தேவை முடிந்ததும் இறுகிக்கொள்வதுதான் தீண்டாமை. நம்மூரில் பறையடிக்கும் கையும் செருப்புத் தைக்கும் கையும் இதை நன்றாக அறியும்.

1896-இல் பிளேக் பரவியபோது பாலு பம்பாய் சென்றார். அங்கே இந்து ஜிம்கானாவில் சேர்க்கவும் எதிர்ப்பு இருந்தது. அதையும் தாண்டி அணியில் இடம்பிடித்தார். 1906-இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பாலுவும் சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் வீழ்த்தினார்.

திரும்பி வந்தவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அதில் வாசிக்கப்பட்ட வாழ்த்துரையை எழுதியவர் இருபது வயதுக் கல்லூரி மாணவர், பீமராவ் அம்பேத்கர் என்று பதிவுகள் சொல்கின்றன. நம் மக்களில் ஒருவர் உலக அரங்கில் நிமிர்ந்து நின்றதை அந்த இளைஞர் பார்த்தார்.

ஆனாலும் இந்து அணியின் கேப்டன் பதவி பாலுவுக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பி விட்டலுக்கும் கேப்டன் பதவி மறுக்கப்பட்டது. சிவராமும் விட்டலும் பகிரங்கமாக அறிக்கை விட்டு அணியிலிருந்து விலகினார்கள். நம் விளையாட்டு வரலாற்றில் சாதிக்கு எதிரான முதல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதை எண்ண வேண்டும். பணிந்தது நிர்வாகம். பாலு துணைக் கேப்டனாக அழைக்கப்பட்டார். 1923-இல் விட்டல் கேப்டனானார், அணி வென்றது. திறமையால் கிடைக்காதது போராடித்தான் கிடைத்தது.

அடுத்து வருவது நமக்குச் சங்கடமான பகுதி. 1932-இல் தனித்தொகுதிப் பிரச்சினையில் பாலு, நம் எம்.சி. ராஜாவுடன் சேர்ந்து கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே பம்பாயில் நிறுத்தியது. ஏறத்தாழ 2,000 வாக்கில் பாலு தோற்றார். அன்று வாழ்த்துரை எழுதிய மாணவர் வென்றார்.

இதனால்தான் நம் மேடைகளில் பாலுவின் பெயர் அதிகம் ஒலிப்பதில்லை என்று நினைக்கிறேன். அது சரியா? அவருடைய அரசியல் முடிவு தவறு என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மண்குவளையிலிருந்து பெவிலியன் மேசைவரை ஒவ்வோர் அடியாக நகர்ந்தவர் அவர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், இன்னும் கொஞ்சம் நிரூபித்தால், இந்து சமூகம் தன்னை முழுதாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிவிட்டார். காங்கிரஸுக்குத் தேவைப்பட்டது அவருடைய புகழ். ஜிம்கானா அவருடைய விரல்களைப் பயன்படுத்திக்கொண்டது போலவே கட்சி அவருடைய பெயரைப் பயன்படுத்திக்கொண்டது.

அதே நம்பிக்கையில் இருந்த எம்.சி. ராஜா என்ன ஆனார்? 1938-இல் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவுக்கு ராஜாஜியின் ஆட்சி துணை நிற்கவில்லை. மனம் கசந்தார். 1942-இல் கிரிப்ஸைச் சந்திக்கப் போனபோது அம்பேத்கரோடு சேர்ந்தே போனார்.

பாலு 1955 ஜூலையில் மறைந்தார். தம்பி விட்டல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்வை நூலாக எழுதியதால் அந்தக் குடும்பத்தின் கதை ஓரளவு நமக்கு மிஞ்சியது. எழுதியவர்களின் கதைதான் மிஞ்சும், தோழர்களே.

பாலுவை மறைக்கவும் வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். 2012 நவம்பரில் நத்தமும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்ததைப் பார்த்த மண் இது. படித்து, வேலைக்குப் போய், வீடு கட்டி முன்னேறினால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கு என்ன பதில் கிடைத்தது என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். பாலுவின் வாழ்க்கை சொல்வதும் அதைத்தான். திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் திறமை மட்டும் குவளையை மாற்றிவிடும் என்று நம்பாதீர்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காலனியில் பந்து வீசிய, கபடி ஆடிய, சிலம்பம் சுற்றிய பெரியவர்கள் இருப்பார்கள். எந்த அணியில் சேர்த்தார்கள், எதில் சேர்க்கவில்லை, ஆட்டம் முடிந்ததும் எதில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.

ஜெய்பீம்.